முன்சக்கரத்துக் கனம்

பட்டறைக்குள் வந்ததும் மாமா செய்த முதல் காரியம், தரையில் பழைய டயர் மேல் கிடந்த எஞ்சினை ஓர் உதை விட்டது. எஞ்சின் அசையவில்லை. அவர்தான் தடுமாறிப் பின்வாங்கித் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தச் சனியனை எடைக்குப் போட்டுடு மாப்ளே. அந்த வேன் எஞ்சினைத் தூக்கி உள்ள வை.”

சுருட்டை கையைத் துணியில் துடைத்தான். தலையில் ஒரு முடிகூட மிச்சமில்லாத ஆளுக்கு அப்படி ஒரு பெயர். பள்ளிக்கூடத்தில் வைத்தது, முடி போன பிறகும் பெயர் போகவில்லை. இந்தத் தெருவில் கார் நின்றுபோனால் சுருட்டையைக் கூப்பிடு என்பார்கள். மாமா அவனுடைய அக்காவின் கணவர். எஞ்சின் இல்லாமல் வாயைப் பிளந்து ஸ்டாண்டுகளின் மேல் நிற்கும் கார் அவருடையது.

வேன் எஞ்சின் மூலையில் தார்ப்பாய்க்குள் இருந்தது. பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு வண்டியிலிருந்து இறக்கியது. டீசல். நல்ல இரும்பு. அப்படி ஒன்று கையில் இருக்கிறது என்று மாமாவிடம் வாயை விட்டதும் சுருட்டைதான். அன்றைக்கு நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

“பழசையே பிரிச்சுப் புதுசு மாதிரி பண்ணிடலாம் மாமா. ரிங்கு போட்டு, ஷாஃப்டைக் கடைஞ்சா போதும்.”

“பண்ணி? மறுபடியும் பாலத்துல ஏறும்போது சைக்கிள்காரன் என்னைப் பார்த்துச் சிரிக்கவா?”

மூலையில் பீடி பிடித்துக்கொண்டிருந்த வெல்டர் சிரித்துவிட்டான். “சைக்கிள்காரன் பரவாயில்லண்ணே. நடந்து போறவன் சிரிச்சானே, அதான் தாங்க முடியல.”

“அவன் மட்டுமா? உன் அக்காவைக் கேளு மாப்ளே. கல்யாணமான புதுசுல, பாலம் ஏற மாட்டேங்குதுன்னு இறங்கி நடக்கச் சொன்னேன். அவ மேல போய் நின்னு தலையைப் பின்னி முடிச்சா, அப்புறம்தான் கார் வந்துச்சு.”

மூன்று பேரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கும்போது வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். தானாகத் துடிக்கும் விரல்களை மறைக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

உருண்டை விளக்கு வைத்த குட்டிக் கார். அந்த மாதிரி இப்போது தெருவில் ஒன்றைப் பார்ப்பதே அபூர்வம். வாலிப வயதில், கண்ணாடிக் கடை போட்ட புதிதில், யாரோ விற்றுவிட்டுப் போனதை வாங்கினார். வீட்டில் அதற்குப் பெயர் ஆமை. வாழ்நாள் முழுக்க அதைத் தாண்டிப் போகாத வண்டி இல்லை. அதற்காக அவர் அதை விற்கவும் இல்லை, அதைத் திட்டாமல் ஒரு நாள் ஓட்டவும் இல்லை.

மாமாவுக்கு ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்கிற தொழில். அளவுகோலை வைத்து ஒரே இழுப்பு, இரண்டு பக்கமும் விரலால் ஒரு தட்டு, சத்தமில்லாமல் பிரிந்துவிடும். போன வருஷம் கண்ணாடிகள் உடைய ஆரம்பித்தன. முதலில் கண்ணாடி சரியில்லை என்றார். பிறகு கட்டர் முனையின் வைரம் மழுங்கிவிட்டது என்று புதியது வாங்கினார். ஒரு நாள் முழுக் கண்ணாடி ஒன்று கையிலிருந்து நழுவி, வாடிக்கையாளரின் காலடியில் விழுந்து நொறுங்கியது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் ஒரு நீளமான பெயரைச் சொன்னார். நரம்பு தசையைக் கைவிட்டுவிடும். முதலில் கை, பிறகு கால், பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு. மருந்து என்று ஒன்றைக் கொடுத்தார். அதை நம்பச் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த அறையில் சுருட்டையும் இருந்தான். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து, “சரி, வெயிலுக்கு முன்னாடி கிளம்பலாம்” என்றார். அதற்கப்புறம் அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. கை மரத்துப்போகிறது, அவ்வளவுதான். அக்கா சத்தம் போடாமல் பொத்தான் வைத்த சட்டைகளை எடுத்து உள்ளே வைத்தாள். பாட்டில் மூடிகளை எல்லாம் தளர்த்தி வைத்தாள். கடையைப் பூட்டியதற்கு வாடகை அதிகம் என்று காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

காரை மட்டும் விடவில்லை. காலையில் தெரு காலியாக இருக்கும்போது எடுப்பார். மணிக்கட்டை ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பியில் கொக்கி மாதிரி மாட்டித் திருப்புவார். எடை இல்லாத வண்டி, சொன்ன பேச்சைக் கேட்கும். ஏரிக்கரை வரை போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, திரும்பி வருவார். போன மாதம் அந்த எஞ்சினும் கரும்புகை கக்கி நின்றுவிட்டது.

மாமா போன பிறகு வெல்டர் பீடியை மிதித்து அணைத்தான்.

“நெஜமாவே அதை வைக்கப் போறியா? ரெண்டு ஆள் பானட் மேல ஏறி உக்கார்ந்த மாதிரி இருக்கும்டா. முன்சக்கரம் எப்படித் திரும்பும்? நானே மூச்சைப் பிடிச்சுத்தான் திருப்பணும்.”

“தெரியும்.”

“அவர் கை இருக்கற லட்சணத்துல...”

“தெரியும்னு சொன்னேன்ல.”

அக்கா சாயங்காலம் வந்தாள். தையல் தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வை. நாள் முழுக்க நின்ற கால், வந்ததும் கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள்.

“என்னடா, ராத்திரியெல்லாம் எஞ்சின் பேச்சாவே இருக்கு. ஏதோ பெரிசா வைக்கப் போறியாமே?”

“அவர் கேக்கறார்.”

“அவர் கேப்பார். நீ சொல்லு. எதை வெச்சா அவர் ஓட்டுவார்?”

“சின்னது. பழசையே சரி பண்ணினா இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். மழைக்காலம் வரைக்கும் வரலாம். பெரிசை வெச்சா கனம் ஏறிடும்க்கா. அவரால திருப்பவே முடியாது.”

“அப்ப இதுல யோசிக்க என்னடா இருக்கு? சின்னதையே வை.”

“ஏன் பெரிசு வேணாம்னு கேப்பாரே. என்ன சொல்றது? உங்க கையில தெம்பு இல்லன்னா?”

அக்கா காரைப் பார்த்தாள்.

“காலையில அந்த ஒரு மணி நேரம்தான்டா அவரை யாரும் பிடிக்கறதில்ல. குளிக்கும்போது நான் பிடிக்கறேன். சாப்பிடும்போது பிடிக்கறேன். படி இறங்கும்போது பக்கத்து வீட்டுக்காரன் பிடிக்கறான். கார் நின்னதுலேர்ந்து மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பிப் படுத்துக்கறார். அந்த மழைக்காலம் வரைக்குமாவது அவருக்கு வேணும்.”

“நீயே சொல்லேன்க்கா.”

“நான் தினமும் நூறு விஷயத்தைச் சொல்லாம முழுங்கிட்டு இருக்கேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்ல மாட்டியா?”

“சொல்றேன்.”

“சத்தியமா?”

“சொல்றேன்னு சொல்றேன்ல. கிளம்பு, பஸ் போயிடும்.”

சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தான். மறுநாள் மாமா வந்தபோது, வாயில் தண்ணீர் வைத்திருப்பவனைப் போல அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நின்றான். மாமா சவரம் செய்திருந்தார். யாரோ செய்துவிட்டிருந்தார்கள், தாடைக்குக் கீழே ஒரு திட்டு விட்டுப்போயிருந்தது.

“என்ன மாப்ளே, ஆரம்பிச்சுட்டியா?”

“மாமா, ஒரு விஷயம். அந்த எஞ்சின் ரொம்பக் கனம். வெச்சா ஸ்டியரிங் இறுகிடும்.”

“எவ்வளவு இறுகும்?”

“நல்லாவே இறுகும்.”

மாமா அவனையே பார்த்தார். பிறகு காரின் கதவை முழங்கையால் நெம்பித் திறந்து உள்ளே ஏறினார். ஸ்டாண்டுகளின் மேல் நின்ற வண்டி; முன்சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கின. வலது கையை மெதுவாகத் தூக்கி, ஆள்காட்டி விரலை மட்டும் ஸ்டியரிங் கம்பியில் வைத்துத் தள்ளினார். ஸ்டியரிங் சுழன்றது. இந்தப் பக்கம் கடைசி வரைக்கும் போனது. மறுபடி தள்ளினார். அந்தப் பக்கம் போனது.

“பாரு! ஒத்த விரல். எங்கடா கனம்?”

தொங்குகிற சக்கரத்தைச் சின்னக் குழந்தைகூடத் திருப்பும். கனம் ஸ்டியரிங்கில் இல்லை, டயர் தரையைப் பிடிப்பதில் இருக்கிறது. அதிலும் இப்போது முன்னால் எஞ்சினே இல்லை. பட்டறையில் ஒரு வாரம் வேலை செய்தவனுக்கும் இது தெரியும். கண்ணாடி அறுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

மாமா மறுபடியும் திருப்பினார். மறுபடியும். பல நாளாக அவர் கை சொன்னதைக் கேட்ட பொருள் ஒன்றுகூட இல்லை. முகம் முழுக்கப் பல்லாக, வாய் லேசாகக் கோணி, அவர் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“சொல்லு மாப்ளே. கனமா இருக்கா, லேசா இருக்கா?”

கிரைண்டரை எடுத்துக்கொண்டிருந்த வெல்டர் அப்படியே நின்று சுருட்டையைப் பார்த்தான்.

“லேசாதான் இருக்கு மாமா,” என்றான் சுருட்டை.

“அப்ப வை.”

வெல்டர் அன்று மத்தியானம் வரை அவனோடு பேசவில்லை. பிறகு எஞ்சின் உட்காரும் குறுக்குச் சட்டத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுவிட்டு, “வெட்டவா?” என்றான்.

“வெட்டு.”

“நீ நல்லவன்னு நெனச்சுப் பண்ற. நல்லவன் இல்ல, பயந்தாங்கொள்ளி.”

“வெட்டுடா.”

தீப்பொறி கார் முழுக்கச் சிதறியது. வேலை இழுத்தது. பெரிய எஞ்சின் அந்தக் குட்டி வாய்க்குள் போக மறுத்தது. ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். சட்டத்தை வெட்டிப் புதிதாக ஒட்டினார்கள். கியர் பெட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தகட்டைக் கடைந்து கொண்டுவந்தார்கள். சுருட்டை இந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. உருப்படாத காரியம் என்று தெரிந்தும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து முறுக்கினான். வேலையை ஒழுங்காகச் செய்தால் மற்றது மறந்துவிடும் என்ற நப்பாசை. முன் ஸ்பிரிங்குகளுக்கு இன்னொரு பட்டை சேர்த்தான். ஸ்டியரிங் பெட்டியைப் பிரித்து, புது பேரிங் போட்டு, கிரீஸை அடைத்தான். காரை ஸ்டாண்டிலிருந்து இறக்கிய அன்று, மூக்கு ஒரு சாண் தாழ்ந்தது. கதவு வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தான். காலை ஊன்றி, தோளைக் கொடுத்துத்தான் திருப்ப முடிந்தது.

அக்காவிடம், எடுத்துச் சொல்லியும் மாமா கேட்கவில்லை என்று சொல்லியிருந்தான். அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், தம்பி ஆயிற்றே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரு காலியாக இருந்த காலையில், மாமா வந்தார். சுருட்டையே காரைப் பட்டறையிலிருந்து பின்னால் எடுத்து, சாலையில் பாலத்தைப் பார்த்து நேராக நிறுத்தி, இறங்கிக்கொண்டான். ஏன் அப்படிச் செய்தான் என்று அவனுக்குத் தெரியும். நேராகப் போகும் வரை ஒன்றும் தெரியாது.

மாமா ஏறினார். சுருட்டை பக்கத்தில் உட்கார்ந்தான். சாவியைத் திருப்ப அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. எஞ்சின் பிடித்ததும் கார் முழுவதும் அதிர்ந்தது. கண்ணாடி, கதவு, சீட்டு எல்லாம்.

“அடேங்கப்பா,” என்றார் மாமா. “ஆமைக்குள்ள யானை பூந்துடுச்சு.”

கியர் தண்டை உள்ளங்கையால் தள்ளினார். கிளட்சை விட்டார். கார் பாய்ந்தது. நேர்ச்சாலை, வேகம் ஏற ஏற ஸ்டியரிங் லேசானது. மணிக்கட்டுகளை மாட்டி அவர் பிடித்துக்கொண்டார். பாலத்தின் ஏற்றத்தில், செங்கல் ஏற்றிய லாரி ஒன்று முக்கி முனகிப் போய்க்கொண்டிருந்தது.

“மாமா, பின்னாடியே போகலாம்.”

“வாயை மூடு.”

காலை அழுத்தினார். எதிரே வண்டி இல்லை. மெல்ல வலப்புறம் நகர்ந்து, லாரியின் பின்சக்கரத்தை, நடுவை, டிரைவரின் கதவைத் தாண்டினார். லாரிக்காரன் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தான், இந்த உருண்டைக் கண்ணுக் கிழட்டு வண்டியா நம்மைத் தாண்டுகிறது என்று. மாமா வாய்விட்டுக் கத்தினார். வார்த்தை இல்லை, வெறும் கத்தல். பாலத்தின் உச்சியில் ஏரி தெரிந்தது, அந்தக் கரையின் மரங்கள் தெரிந்தன. சுருட்டைக்கும் ஒரு கணம், நாம் செய்தது சரிதானோ என்று தோன்றிவிட்டது.

பாலம் இறங்கியதும் ரவுண்டானா. ஏரிக்கரைக்கு அதைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும். மாமா வேகத்தைக் குறைத்தார். குறையக் குறைய ஸ்டியரிங் இறுகியது. மணிக்கட்டைக் கம்பியில் கொடுத்து இழுத்தார். சக்கரம் கொஞ்சம் திரும்பியது, நின்றுவிட்டது. இரண்டு கையையும் கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை வழுக்கி மடியில் விழுந்தது. கார் நேராகப் போய் ரவுண்டானாவின் விளிம்புக் கல்லில் ஏறி, ஒரு குலுக்குக் குலுக்கி, அணைந்தது.

பின்னால் செங்கல் லாரி வந்து நின்றது. லாரிக்காரன் ஹாரனை அழுத்தியே பிடித்தான்.

“யோவ் பெருசு! தாண்டத் தெரியுது, திருப்பத் தெரியாதா? காரை வித்துட்டுக் கழுதை வாங்கு. அது தானா திரும்பும்!”

மாமா அவனைப் பார்க்கவில்லை. மறுபடியும் கையைத் தூக்கிக் கம்பியில் வைத்து இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும். சுருட்டை பக்கவாட்டிலிருந்து குனிந்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத் திருப்பினான். மாமா தன் கைகளை எடுத்துக்கொண்டார். சூடான பாத்திரத்திலிருந்து எடுப்பது மாதிரி.

இடத்தை மாற்றிக்கொண்டு ஓட்டிப்போய், காரை ஏரிக்கரையோரமாக நிறுத்தி, சுருட்டை எஞ்சினை அணைத்தான். ஏரியில் தண்ணீர் குறைந்து விளிம்பில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. ஒருவன் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

“தெரியுமா உனக்கு?” என்றார் மாமா.

“என்னது?”

“நடிக்காத மாப்ளே. சக்கரம் மேல தொங்கும்போது விரலால திருப்பினேனே. அது கணக்கில்லன்னு தெரியுமா?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்டா லேசா இருக்குன்ன?”

சுருட்டை நாயைப் பார்த்தான். “நீங்க சிரிச்சுட்டு இருந்தீங்க.”

மாமாவும் அந்த நாயையே பார்த்தார். கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்று சுருட்டைக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை.

“இதை இறக்கிடறேன் மாமா,” என்றான். “வெட்டினதைத் திரும்ப ஒட்டி, பழைய எஞ்சினை சரி பண்ணி வெச்சுடறேன். ராப்பகலா உக்கார்ந்தா ஒரு மாசம். முன்ன மாதிரி ஓட்டலாம் நீங்க.”

“வேணாம்.”

“நான் நெஜமாத்தான் சொல்றேன்.”

“நானும் நெஜமாத்தான் சொல்றேன். வேணாம்.” மாமா தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் மல்லாந்து கிடந்தது, விரல்கள் பாதி மடங்கி. “ஒரு மாசத்துல இது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பழசை வெச்சு, அதையும் திருப்ப முடியலன்னு வை. அப்புறம் நான் எதைக் குத்தம் சொல்றது?”

சுருட்டை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான்.

“இது இருக்கட்டும். எஞ்சின் கனம், மச்சினன் சொதப்பிட்டான். ஆள் நல்லாத்தான் இருக்கான், வண்டிதான் சரியில்ல. புரியுதா?”

“புரியுது மாமா.”

“அக்காகிட்டயும் அதான்.”

வீட்டு வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஓட்டுநர் பக்கத்திலிருந்து தம்பி இறங்குவதைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

“என்ன ஆச்சு?”

“என்ன ஆகும்?” மாமா தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னார். “உன் தம்பி பண்ணின வேலை. ஓட்டறதுக்கு பயில்வான்தான் வரணும். நல்லா இருந்த வண்டியைக் கெடுத்துட்டான்.”

சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். அக்கா அவரைத் தாங்கப் போகவில்லை. தம்பியின் முன்னால் வந்து நின்றாள்.

“நீ அவர்கிட்ட சொல்லவே இல்ல. இல்லையா?”

“இல்ல.”

“சரி. போனது போகட்டும். பழசைத் திருப்பி வைடா. மழைக்காலம் வேணாம், ஒரு வாரம் ஓட்டினாலும் போதும். கால்ல வேணா விழறேன்.”

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மாமா ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

“முடியாதுக்கா,” என்றான் சுருட்டை. “வெட்டியாச்சு. இனிமே ஒட்டினா நிக்காது.”

“ஒட்டினா நிக்காதா, உனக்கு முடியாதா?”

“நிக்காது.”

அவள் அவனை அறையவில்லை, அழவும் இல்லை. தொழிற்சாலையில் தையல் கோணியிருக்கும் துணியைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு ஓரமாகத் தூக்கிப் போடுகிற பார்வை.

“வண்டியை எடுத்துட்டுப் போ. இங்க வாசல்ல நிக்க வேணாம். நீயும் இனிமே வராத.”

கதவைச் சாத்தினாள். சுருட்டை காரில் ஏறினான். அந்தச் சந்தில் காரைத் திருப்ப நாலு தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தோளைக் கொடுத்து, எழுந்து நின்றாற்போல் இழுத்தான். ஜன்னலில் மாமா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரனிடம் அவர் உரக்கச் சொல்வது கேட்டது:

“பாருங்க, பாருங்க. அவனாலயே முடியல.”